கீழ்க்கட்டளைக் கல்யாணத்தில் குரைத்த நாய்

இதை எழுத வேண்டும் என்று ஒரு நோட்டு வாங்கி ஐந்தாறு வருஷம் ஆகிறது. உட்காருவேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட பக்கங்கள் அந்த நோட்டில் ஏழோ எட்டோ இருக்கின்றன. என் மனைவி ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, பிள்ளையாருக்கு லெட்டர் போடறீங்களா? உள்ள மேட்டரே காணோமே!" என்றாள்.

எட்டாவது வரைக்கும் படித்தவன், எனக்கு எழுத வராது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், எழுத உட்கார்ந்தால் நான் செய்த ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னால் ஒரு நல்ல மனுஷருடைய பெயர் கெட்டது. இன்றைக்கும் அது கெட்டபடியே ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் எங்கள் பீர்க்கன்கரணைக் கோவில் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி பேச உட்கார்ந்தோம். தாள வாத்தியப் பொறுப்பு முழுவதையும் ஜோயலிடம் விட்டுவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். புதிதாக வந்திருக்கும் டோலக் தம்பி ஒருவர், "எந்த ஜோயல் சார்? முகூர்த்தத்துல நாயைக் குரைக்க விட்டாரே, அவரா?" என்று கேட்டார். அங்கே எழுந்த சிரிப்பில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டன. கமிட்டிக்காரரும் சிரித்துக்கொண்டே, "சாமி காரியம் பாருங்க, வேற ஆள் பார்த்துக்கலாம்" என்று பேப்பரில் ஜோயல் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். என் வாய் நிறையச் சுண்டல். அதை விழுங்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இந்த முறை சுழிக்குக் கீழேயும் எழுதிவிட்டேன்.

மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்கு. சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் மிருதங்கக்காரன். தாம்பரம் வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பஜனை, நாட்டிய வகுப்பு, கல்யாண ரிசப்ஷன் என்று வாசித்தவன். வேறு எதையும் தொடமாட்டேன் என்பதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. கையால் வாசிப்பதுதான் தெய்வ வாத்தியம், கம்பைக் கையால் தொடமாட்டேன் என்று எங்கள் தெருப் பிள்ளையார் முன்னால் சத்தியமே செய்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

எங்கள் குழுவை நடத்தியவர் ஒரு டீச்சர். சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், மேடையில் கீபோர்டு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அந்தக் குழுவில் பேட் வாசித்தவர் ஜோயல், அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பேட் என்றால் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டுக் கட்டம் போட்ட ரப்பர் பலகை, கரண்டில் ஓடும். ஒவ்வொரு கட்டத்தைத் தட்டினால் ஒவ்வொரு சத்தம். நம்பரை மாற்றினால் எட்டுச் சத்தமும் மாறிவிடும். ஒரு நம்பரில் தவில், ஒரு நம்பரில் டோலக், இன்னொன்றில் மழை, இடி.

ஜோயல் காலையில் சர்ச்சில் கஹோன் வாசிப்பார். அது மேலேயே ஏறி உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டி. மத்தியானம் ஏதாவது காலேஜில் டிரம்ஸ். சாயங்காலம் எங்களோடு பேட். நடுவில் ஆட்டோவில் வரும்போது அந்த ஆட்டோவின் கம்பியையும் வாசித்துக்கொண்டு வருவார். எனக்கு அது கிண்டலாக இருந்தது.

"என்னப்பா ஜோயல், ஸ்விட்ச் போட்டா வாசிக்குது, ஸ்விட்ச் அணைச்சா தூங்குது. இதுக்கு நடுவுல நீ எதுக்கு?" என்பேன்.

"மிருதங்கத்துக்கு ஸ்விட்ச் நீங்கதானே அண்ணா. உங்களையும் அக்கா காபி குடுத்துதான் ஆன் பண்றாங்க" என்பார். கோபமே வராது அவருக்கு.

டீச்சர் பல தடவை சொல்லிப் பார்த்தார். "அண்ணா, கை உங்களோடது. அது எது மேல விழுந்தாலும் உங்க கைதான். இப்பல்லாம் ஒரே நாள்ல நாலு விதமா கேட்கறாங்க. ஒரு வாரம் ஜோயல்கிட்ட உட்காருங்களேன்." நான், "பார்க்கலாம் டீச்சர்" என்பேன். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் குளித்ததும் மேடையில் இருக்கும் எல்லா வாத்தியங்களையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். மிருதங்கத்துக்கு, கீபோர்டுக்கு, டம்பரினுக்குக்கூட. பேடை வாத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லைதான். ஆனாலும் அதற்கும் ஒரு பொட்டு. ஆசாரம் வேறு, அபிப்பிராயம் வேறு. இந்தப் பொட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சருடைய ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். கீழ்க்கட்டளையில் ஒரு மண்டபம். நம் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். ரிசப்ஷனில் எங்கள் குழுதான் வாசித்தது. குழந்தைகளுக்காக ஜோயல் ஒரு விளையாட்டு நடத்தினார். பேடில் ஒரு மிருகத்தின் சத்தத்தைத் தட்டுவார், எந்த மிருகம் என்று முதலில் சொல்லும் குழந்தைக்குப் பலூன். மண்டபமே காடாகிவிட்டது. முடிந்து கிளம்பும்போது என்னிடம் வந்து, "அண்ணா, காலையில எனக்கு சர்ச் இருக்கு. பேடை ஒண்ணாம் நம்பர்ல வச்சிட்டேன், ஒண்ணுல எல்லாம் மேளம்தான். மதியம் வண்டி வந்து எடுத்துக்குவாங்க" என்றார். கடைசியாக வாசித்தவர் ஒன்றாம் நம்பருக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது எங்கள் குழுவின் கட்டுப்பாடு. நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை குளித்து, விபூதி இட்டு, மேடை ஓரத்துக்கு வந்து வாத்தியங்களைத் துடைத்தேன். மிருதங்கத்துக்குப் பொட்டு வைத்தாயிற்று. பேடில் எங்கே வைக்கலாம் என்று பார்த்தால், ஓரத்தில் சின்னச் சின்ன வட்டமாக நாலைந்து வரிசையாக இருந்தன. பொட்டு வைக்கவே செய்த மாதிரி! நல்ல கெட்டிச் சந்தனம், டீச்சர் வீட்டுக் கல்யாணம் என்று தாராளமாகக் குழைத்தது. ஒவ்வொன்றிலும் அழுத்தி வைத்தேன். அழகாக இருந்தது.

முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது கை கழுவும் இடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம். தவில்காரர் டிபன் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், ஈரத்தில் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று, "நான் மட்டும் ஊதினா முகூர்த்தம் மாதிரியா இருக்கும்?" என்று புலம்பினார். அன்று பெரிய முகூர்த்த நாள், வேறு தவில்காரர் கிடைக்க வழியில்லை.

தாலி கட்டும்போது கெட்டி மேளம் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிமிஷத்தில் ஒரு தும்மலோ, யாரோ எங்கேயோ பேசும் ஒரு கெட்ட சொல்லோ பெண், மாப்பிள்ளை காதில் விழக்கூடாது. மண்டபம் அதிர வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் இந்த விஷயங்களில் மிகவும் கறார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சாங்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

டீச்சர் பட்டுப் புடவையோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, மேளம் இல்லாமலா என் பொண்ணுக்குத் தாலி ஏறணும்? அந்தப் பெரியப்பா இப்பவே ரெண்டு தடவை கேட்டுட்டார்."

"நான் இருக்கேன் டீச்சர். நீங்க போய் மணை பக்கத்துல நில்லுங்க" என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். மிருதங்கத்துக்கு மைக் வைத்தாலும் அது பேசும், முழங்காது. அப்போது பேட் கண்ணில் பட்டது. ஒன்றாம் நம்பரில் எல்லாம் மேளம்தான் என்று ஜோயல் சொன்னது ஞாபகம் வந்தது. கம்பு கூட வேண்டாம், உள்ளங்கையால் தட்டிவிட்டால் போயிற்று, சத்தியமும் காப்பாற்றப்படும் என்று ஒரு கணக்கு. மைக் செட் ஆளிடம் சொல்லி ஒயரைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்தேன். ஒரு சின்ன ஜன்னலில் எண்கள் கடகடவென்று ஓடின. ஓடட்டும், என்ன போச்சு என்று இருந்துவிட்டேன்.

கல்யாணப் பெண் கூறைப் புடவையில் குனிந்த தலையோடு மேடை ஏறினாள். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்து, "ஒரு தட்டு தட்டிப் பாருங்க" என்று ஜாடை காட்டினார். நான் முருகா என்று சொல்லி ஒரு தட்டு தட்டினேன்.

லொள்! லொள்! லொள்!

மண்டபத்தின் எட்டு ஸ்பீக்கரிலும் ஒரு பெரிய நாய். ஐயர் கையில் தர்ப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். பாதிப் பேர் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்கள். வேறு கட்டத்தைத் தட்டினால் நின்றுவிடும் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டத்தைத் தட்டினேன்.

கழுதை கத்தியது. நீளமாக.

ஒயரைப் பிடுங்கினேன். அதற்கப்புறம் இருந்த அமைதியை நான் எந்தக் கோவிலிலும் கேட்டதில்லை. பெரியப்பா எழுந்தார். "என்ன நான்சென்ஸ் இது? முகூர்த்த நேரத்துல நாயா? அபசகுனம்! இப்படியே எப்படித் தாலி கட்டறது?"

டீச்சர் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. நான் மனசுக்குள் பிள்ளையார், முருகன், பெருமாள் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். வந்தவர் ஐயர். தர்ப்பையைக் கீழே வைத்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாகச் சொன்னார்:

"பெரியவரே, உட்காருங்கோ. நாய் யாரோட வாகனம்? பைரவரோடது. அவரே காவலுக்கு வந்துட்டார்னு அர்த்தம். கழுதை கத்தினா யோகம்னு உங்க அம்மா சொன்னதில்லையா? ரெண்டும் சேர்ந்து எந்தக் கல்யாணத்துல கிடைக்கும்? பொண்ணே, நீ உட்காரும்மா."

பெண் உட்காரவில்லை. குலுங்கினாள். அழுகிறாளோ என்று எல்லோரும் பதறினோம். பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் மாலையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்! அதைப் பார்த்த மாப்பிள்ளைக்கும் சிரிப்பு. இருவரும் சிரிக்க, முன்வரிசை சிரிக்க, சிரிப்பு பின்னால் சமையல்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பெரியப்பா மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அதில் நாய்க்குப் பக்கம் இல்லை போலிருக்கிறது, உட்கார்ந்துவிட்டார்.

சரி, அபசகுனம் போயிற்று. மேளம்? அதற்கு இன்னும் ஐந்து நிமிஷம்கூட இல்லை.

தம்பிகளே, அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது வரிசையாக முன்னால் வந்து நின்றது. பேட் தெரியாது. தவில் தெரியாது. ஓட வேண்டும் போல் இருந்தது. அப்போது தவில்காரர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"வாத்யாரே, இன்னாத்துக்கு முழிக்கிற? எனக்கு எந்தக் கை போச்சு? கழி புடிக்கிற எடது கைதான் போச்சு. கூடு மாட்டிகினு வாசிக்கிற வலது கை நல்லாத்தான் கீது. நீ மிருதங்கத்துல எடது பக்கம் எந்தக் கையால வாசிக்கிற?"

"இடது கையாலதான்."

"அப்ப அந்தக் கையை எனக்குக் குடு. வந்து பின்னால குந்து."

தவிலின் வலது பக்கம் விரல்களில் தொப்பி மாதிரிக் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பது. அது அவரவர் விரல் அளவுக்குச் செய்தது, அடுத்தவர் விரலில் நிற்காது. இடது பக்கம் குட்டையான கழியால் அடிப்பது. அந்தக் கழியை அவர் நீட்டினார். நான் சத்தியம் செய்த கம்பு! ஒரு வினாடி தயங்கினேன்.

"இன்னா யோசனை?"

"கம்பைத் தொடமாட்டேன்னு பிள்ளையார்கிட்ட சத்தியம்..."

"அவரு கையிலயே அங்குசம்னு கம்பு வச்சிகினு கீறாரு. உன் கம்பைப் பாத்துக் கோச்சிக்கவா போறாரு? குந்துய்யா!"

உட்கார்ந்தேன். அவர் முதுகோடு என் நெஞ்சு ஒட்ட, அவருடைய இடது தோளுக்குக் கீழே என் இடது கையை நுழைத்து, கழியைப் பிடித்தேன். அடிபட்ட கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். வேட்டி கட்டிய இரண்டு கிழவர்கள் ஒரு தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது: "அம்மா, அங்க பாரேன், அந்தத் தாத்தாவுக்கு ரெண்டு தலை!"

"ஒண்ணும் புதுசா பண்ணாத. என் தோள் எப்படி ஆடுதோ அப்படி அடி. கண்ணால பாக்காத, நெஞ்சால கேளு" என்றார் அவர். ஐயர் விரலை உயர்த்தினார்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

முதல் நாலு அடி எனக்கு எங்கேயோ போயிற்று. ஐந்தாவது அடியில் அவருடைய முதுகு என் நெஞ்சுக்குச் சொல்லிவிட்டது. முப்பது வருஷமாக மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தடவியும் அதட்டியும் பேசிய கை, கழியைப் பிடித்ததும் அதே கைதான் என்று எனக்குத் தெரிந்தது. இடி இடித்தது, தம்பிகளே! நாதஸ்வரம் மேலே ஏறியது. அட்சதை மழையில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். இரண்டாவது முடிச்சும் விழுந்தது. மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனாருக்குச் சிரிப்பும் பதற்றமுமாக மஞ்சள் கயிறு கையில் நழுவுகிறது, பிடிக்கிறார், மறுபடி நழுவுகிறது. ஐயர் எங்களைப் பார்த்து விடாதே விடாதே என்று கையை ஆட்டுகிறார்.

"விடாத வாத்யாரே!"

"விடல!"

வியர்வையில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. அந்த வலியிலும் எனக்கு உள்ளே குபீர் குபீர் என்று சந்தோஷம் பொங்கியது. சின்ன வயசில் கோவில் திருவிழா ராட்டினத்தில் முதல் தடவை மேலே போனபோது வந்ததே, அதே சந்தோஷம். முடிச்சு விழுந்தது. தவில்காரர் நிறுத்திவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஏழெட்டு அடி தனியாக அடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், போதும். கல்யாணம் முடிஞ்சிடுச்சு" என்றது ஒரு குரல். கண்ணைத் திறந்தால் அந்தப் பெரியப்பா, தலையெல்லாம் அட்சதையோடு. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஊரில் இதோடுதான் நிறுத்துகிறார்கள்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு பேடை மூடி வைக்கப் போனேன். ஓரத்து வட்டங்களில் ஒன்று மட்டும் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி என் சந்தனம் காய்ந்திருந்தது. அது நம்பர் மாற்றும் பட்டன். நான் அழுத்திப் பொட்டு வைத்ததில் உள்ளே ஒட்டிக்கொண்டு, ஸ்விட்ச் போட்டதும் நம்பரைத் தானாக ஓட்டி, கடைசியில் இருந்த மிருகங்களிடம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை. துண்டால் சந்தனத்தைத் துடைத்துவிட்டேன்.

பந்தியில் பெரியப்பா பாயசத்தை ஊற்றிக்கொண்டே, "எல்லாம் சரி, அந்த நாய் யாரோட வேலை?" என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். என் வாய் சொன்னது: "நேத்து ஜோயல்தான் கடைசியா வாசிச்சான். நம்பரை மாத்தாம போயிருப்பான்."

சொல்லி முடிக்கும்போதே நாக்கில் பாயசம் கசந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். டீச்சர் அன்று மாலையே ஜோயலுக்குப் போன் போட்டார். கட்டுப்பாட்டை மீறினவர், அடுத்த புரோகிராமுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, அடுத்த வாரம் பொத்தேரியில காலேஜ் புரோகிராம். ஜோயல் வரல. முகூர்த்தத்தையே காப்பாத்தினீங்க, பேட் நீங்களே வாசிச்சிடுங்க."

பார்த்தீர்களா சாமி வேலையை! எங்கள் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்குத் தெரிந்து பேட் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு ஆள்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பெருங்களத்தூரில் ஜோயல் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருடைய அம்மா டீ கொடுத்தார். ஜோயல் ஒன்றும் கேட்காமல் பேடை என் மடியில் வைத்தார். அதைப் பழுது பார்க்க அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

"தட்டுங்க அண்ணா."

தட்டினேன். தவில் பேசியது. எனக்குத் தாங்கவில்லை.

"ஜோயல், அந்த நாய்... நீ இல்லப்பா. நான்."

"தெரியும் அண்ணா."

"எப்படித் தெரியும்?"

"பட்டனைக் கழட்டினேன், உள்ள அரை உருண்டை சந்தனம், குங்குமம். நம்ம குரூப்ல பேடுக்குப் பொட்டு வைக்கிறது யாரு? கீபோர்டா வைக்கும்?"

அவருடைய அம்மா சமையல்கட்டில் சிரிப்பது கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் டீ ஏறிவிட்டது.

"தெரிஞ்சும் டீச்சர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பொத்தேரிக்கு என்னைக் கூப்பிட்டிருப்பாங்க. நீங்க இந்தப் பேடைத் தொட்டே இருக்க மாட்டீங்க. எனக்கு ஒரு புரோகிராம் போனா போகுது. இத்தனை வருஷம் டீச்சர் கெஞ்சியும் வராத கை, தானா வருதே!" என்றார். அப்புறம் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "இனிமே பொட்டை ரப்பர் மேல வைங்க. பட்டன் மேல வேணாம். சாமிக்கு எல்லா இடமும் ஒண்ணுதான், பட்டனுக்கு அப்படி இல்ல" என்றார்.

அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு சேலையூருக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் சோபாவில் விழுந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஜோயல் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். என்னைப் பார்த்து மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க அண்ணா, சரி. ஊர்ல பரவினதுக்கு?" என்று கேட்டார். "எல்லார்கிட்டயும் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

பொத்தேரியில் நான் பேட், ஜோயல் கஹோன். எதிரே ஆயிரம் மாணவர்கள். வேகமான ஒரு பாட்டின் நடுவில் ஜோயல் என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, கடைசி நம்பர். நாலாவது அடியில மட்டும்" என்று கண்ணடித்தார். நம்பரை மாற்றினேன். நாலாவது அடி வந்தது, நாய் குரைத்தது. அடுத்த சுற்று, மறுபடி நாலாவது அடி, மறுபடி நாய். மாணவர்கள் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் அந்த நாலாவது அடியை அவர்களே குரைத்தார்கள். ஆயிரம் பேர், ஒரே அடியில்! டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். கீழ்க்கட்டளையில் மானத்தை வாங்கிய அதே சத்தம், இடத்தில் விழுந்ததும் வாத்தியமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பேட், கஹோன், டோலக், தேவைப்பட்டால் தவில் கழி. சர்ச்சிலும் வாசித்தேன், ஜோயல் பக்கத்தில் உட்கார்ந்து. சபரிமலை சீசனில் எங்கள் பஜனைக்கு ஜோயல் கஞ்சிரா வாசித்தார். உங்களில் யாராவது நான் இதை மட்டும்தான் வாசிப்பேன் என்று என்னைப் போல் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு வாரம் வேறு எதிலாவது கையை வைத்துப் பாருங்கள். கை கெட்டுப்போகாது. எனக்குக் கெட்டுப்போகவில்லை.

ஆனால் டீச்சரிடம் சொன்ன வாக்கை நான் காப்பாற்றவில்லை. தவில்காரர் முதுகில் ஒட்டிக்கொண்டு முகூர்த்தத்தைக் காப்பாற்றியவர் என்று என்னைப் பார்த்து ஊர் கும்பிட்டது. அந்தக் கும்பிடு இனிப்பாக இருந்தது. யாராவது, "பேட்காரன் மறந்துட்டுப் போனானாமே" என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றினேன். இத்தனை வருஷமும் ஜோயல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது சீக்கிரம் எழுதியிருப்பேன்.

நாளைக்குக் கமிட்டி மறுபடி கூடுகிறது. இதை அங்கே எழுந்து நின்று படிக்கப் போகிறேன். பேப்பரில் கோடு போட்ட பெயரை அவர்களே மறுபடி எழுதட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், போனில் அனுப்புகிறவர்கள் அப்படியே அனுப்புங்கள். மேடவாக்கம் பக்கம் நாய் இப்போது சிங்கமாகிவிட்டதாம். பல்லாவரத்தில் நான் ஒற்றை ஆளாகத் தவில் வாசித்ததாகக் கதை. ஒன்றையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். நாய் நாயாகவே இருக்கட்டும், கழுதையையும் விட்டுவிடாதீர்கள். பட்டனில் சந்தனம் வைத்தது நான். துடைத்தது நான். பழியைத் தூக்கிப் போட்டது நான். ஜோயல் அந்தப் பேடை ஒன்றாம் நம்பரில்தான் வைத்துவிட்டுப் போனார்.